கணினி அறிவியல் படிப்பவர் அறிதிறன் அறிவியலைத் துணைப்பாடமாக எடுப்பது பயன் தருமா?

இரண்டாமாண்டு மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நான் கணினி அறிவியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் மைனர் எனப்படும் துணைப்பாடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். காக்னிட்டிவ் சயின்ஸ் என்கிற அறிதிறன் அறிவியலை எடுப்பதா, புள்ளியியலை எடுப்பதா என்று முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அறிதிறன் அறிவியல் துணைப்பாடம் என்பது பொதுவான அறிமுகத் தாள் ஒன்றும், உளவியல், மொழியியல், மெய்யியல், நரம்பியல், கணினி அறிவியல், மானிடவியல் ஆகிய ஆறு துறைகள் நடத்தும் தாள்களின் நீண்ட பட்டியலிலிருந்து மாணவரே தேர்ந்துகொள்ளும் ஐந்து தாள்களும் சேர்ந்தது. அந்தச் சுதந்திரமே எனக்குத் தயக்கத்தையும் தருகிறது. இதை முடித்த மூத்த மாணவர் ஒருவர், எல்லாத் துறைகளிலும் நுனிப்புல் மேய்ந்ததைத் தவிரத் தமக்கு எதுவும் மிஞ்சவில்லை என்றார். புள்ளியியல் எடுத்திருந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும் என்பது அவருடைய கருத்து.

என் ஆர்வம் இயந்திரக் கற்றலில், குறிப்பாக ஏராளமான எழுத்துத் தரவிலிருந்து மொழியைக் கற்கும் நிரல்களான மொழி மாதிரிகளில் இருக்கிறது. ஒரு குழந்தை தன் முதல் சில ஆண்டுகளில் கேட்கும் சொற்களைவிடப் பன்மடங்கு அதிகமான சொற்களைக் கொண்டுதான் இம்மாதிரிகள் பயிற்றுவிக்கப்படுகின்றன என்று படித்ததிலிருந்து, குழந்தை அந்தக் காரியத்தை எப்படிச் சாதிக்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கேள்வியை முறையாகப் படிக்க இத்துணைப்பாடம் உதவுமா? பள்ளியிலேயே உயிரியலை விட்டுவிட்டேன். அது தடையாக இருக்குமா? தாள்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆய்வகவாசி எழுதியது:

வணக்கம். நான் அறிதிறன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, துணைப்பாட மாணவர்களுக்கு ஆய்வகப் பயிற்சி நடத்திவருகிறேன். ஆகவே இப்பாடத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்தே பேசுவேன் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்த மாணவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் தாள்களைத் தேர்ந்த விதத்தையும் விசாரித்துப் பார்க்க வேண்டும். துறைக்கு ஒன்றாக அறிமுகத் தாள்களை மட்டும் எடுப்பவர்கள், ஒவ்வொரு வகுப்பிலும் முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்து, இரண்டாம் அத்தியாயம் தொடங்கும் நேரத்தில் வெளியேறிவிடுகிறார்கள். பட்டியல் நீளமாக இருப்பதால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் இத்துறை உருவான வரலாற்றைப் பார்த்தால், துறைகளை எண்ணிக்கையில் சேர்ப்பது அதன் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது விளங்கும்.

1956 செப்டம்பர் 11 அன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த தகவல் கோட்பாட்டுக் கருத்தரங்கில், தருக்கத் தேற்றங்களை நிறுவும் நிரலைப் பற்றி ஆலன் நியூவெலும் ஹெர்பர்ட் சைமனும், மொழியை விவரிப்பதற்கான மூன்று மாதிரிகளைப் பற்றி நோம் சோம்ஸ்கியும், குறுகிய கால நினைவின் கொள்ளளவைப் பற்றி ஜார்ஜ் மில்லரும் ஒரே நாளில் பேசினார்கள். பிற்காலத்தில் மில்லர் அந்த நாளையே இத்துறையின் பிறந்தநாளாகக் குறிப்பிட்டார். வெவ்வேறு துறையினரான அவர்களை அங்கே இணைத்தது, மனம் தகவலை எவ்வாறு கையாள்கிறது என்ற ஒரே கேள்வி. இதற்கென ஓர் ஆய்விதழ் 1977இல்தான் வந்தது. சங்கம் 1979இல் அமைந்தது. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தனித் துறை தொடங்கப்பட்டது 1986இல். கேள்வி முதலில், துறை அதற்குப் பின்னால் என்பதே வரிசை. தாள்களைத் தேர்வதிலும் அதே வரிசையைப் பின்பற்றச் சொல்வேன்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது, அதுவும் நல்ல கேள்வி. அதற்கு ஒரு முன்கதை உண்டு. ஆங்கிலம் பேசும் குழந்தைகள் 'கோ' என்ற வினையின் இறந்தகால வடிவத்தை முதலில் 'வென்ட்' என்று சரியாகவே சொல்கிறார்கள். சில காலம் கழித்து, யாரும் சொல்லிக் கேட்டிராத 'கோஎட்' என்ற வடிவம் அவர்கள் பேச்சில் தலைகாட்டுகிறது. பிறகு மீண்டும் 'வென்ட்' நிலைபெறுகிறது. இடையில் நேர்ந்த பிழை, குழந்தை ஒரு விதியைக் கண்டுகொண்டதற்கான தடயம் என்றுதான் மொழியியலார் நெடுங்காலம் கருதினார்கள். 1986இல் டேவிட் ரூமல்ஹார்ட்டும் ஜேம்ஸ் மெக்லெலண்டும், விதி எதுவும் எழுதப்படாத ஒரு நரம்புவலைக்கு, அதாவது நரம்பணுக்களைப் போலப் பின்னிய சிறு அலகுகளால் ஆன கணினி மாதிரிக்கு, வினைச்சொற்களைக் கொடுத்துப் பயிற்றுவித்து, அதுவும் இதே ஏற்ற இறக்கத்தோடு கற்பதாகக் காட்டினார்கள். விதியே இல்லாமல் விதியைப் பின்பற்றுவது போன்ற நடத்தை வரக்கூடும் என்பது அன்று பெரிய அதிர்ச்சி.

1988இல் ஸ்டீவன் பிங்கரும் ஆலன் பிரின்ஸும் அந்த மாதிரியைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்தார்கள். வலைக்கு முதலில் 10 வினைகள் மட்டுமே தரப்பட்டிருந்தன, அவற்றில் 8 ஒழுங்கற்றவை. அடுத்த கட்டத்தில் ஒரேயடியாக 410 வினைகள் சேர்க்கப்பட்டன, அவற்றில் பெரும்பாலானவை ஒழுங்கானவை. வலை தடுமாறியதற்குக் காரணம் இந்தத் திடீர்ப் பாய்ச்சல்தான், குழந்தையின் காதில் விழும் மொழியில் அப்படியொரு பாய்ச்சல் நிகழ்வதில்லை என்பது அவர்களுடைய முக்கியமான மறுப்புகளில் ஒன்று. இன்றைய ஆழ்கற்றல் வலைகளைக் கொண்டு 2018இல் இதே விவாதம் மறுபடியும் திறக்கப்பட்டது, இன்னும் முடிந்தபாடில்லை.

இந்த ஒரு விவாதத்தைப் பின்தொடர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். மாதிரியின் உட்புறம் கணினி அறிவியல். 'விதி' என்று எதைச் சொல்கிறோம் என்பது மொழியியலும் மெய்யியலும். குழந்தை உண்மையில் என்ன கேட்கிறது, எப்போது பிழை செய்கிறது என்பது வளர்ச்சி உளவியல். பயிற்சித் தரவின் வரிசையைப் பார்த்து மாதிரியின் அந்தக் குறையைக் கண்டுபிடிக்க, கணினி அறிவியல் மட்டும் படித்தவருக்குத் தோன்றாது. உளவியல் மட்டும் படித்தவரால் முடியாது. ஆகவே பட்டியலில் மொழி கற்றல், நரம்புவலை மாதிரிகள், ஆய்வு முறைகள் ஆகிய மூன்றையும் முதலில் தேடிப் பாருங்கள். அவை மூன்றும் ஒரே கேள்வியை மூன்று பக்கங்களிலிருந்து அணுகும்.

ஆய்வு முறைத் தாளை எடுத்தால், ஆய்வக வகுப்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கணினி அறிவியல் மாணவர்கள் அங்கேதான் பளிச்சிடுகிறார்கள், அங்கேதான் திணறவும் செய்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சொல்லை 40 மில்லிவினாடி மட்டும் திரையில் காட்டிவிட்டு மறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரலில் 40 என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம், அதாவது ஒரு படம், ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி நீடிக்கும். ஆகவே அச்சொல் இரண்டு சட்டகங்கள், அதாவது 33 மில்லிவினாடி, அல்லது மூன்று சட்டகங்கள், அதாவது 50 மில்லிவினாடி தெரியுமே தவிர, ஒருபோதும் 40 ஆகாது. சில முறை இரண்டு, சில முறை மூன்று என்று மாறி மாறி வந்தால், பங்கேற்பாளர் சொல்லை உணர்ந்தாரா இல்லையா என்ற முடிவே ஆட்டம் கண்டுவிடும். நாம் தேடும் வேறுபாடு சில பத்து மில்லிவினாடிகளாக இருக்கும் சோதனைகளில் இது அற்பமான விஷயம் இல்லை. கோட்பாட்டு வகுப்பில் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

எண்வழி எழுதியது:

மேலே எழுதியவர் அழகாக எழுதியிருக்கிறார். ஆனாலும் நான் மாறுபடுகிறேன். புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுத்துக்கொண்டு, அறிதிறன் அறிவியல் தாள்களில் இரண்டை விருப்பத் தாள்களாகப் படிப்பதே உங்களுக்கு நல்லது என்பேன்.

முதல் காரணம், நீங்கள் நுழைய நினைக்கும் துறை ஒன்றுபட்ட துறைதானா என்பதே அங்குள்ளவர்களிடம் தீராத கேள்வி. 2019இல் ரஃபேல் நூன்யெஸும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, பல துறைகள் கூடி ஒரே அறிவியலாகும் என்ற ஆரம்பகாலக் கனவு நிறைவேறவில்லை என்றும், உளவியலே மற்றவற்றை விஞ்சி நிற்கிறது என்றும் வெளியீடுகளையும் பாடத்திட்டங்களையும் கொண்டு வாதிட்டது. மேலே குறிப்பிடப்பட்ட சான் டியேகோ துறையைச் சேர்ந்தவர் நூன்யெஸ் என்பதால், இதை வெளியாட்களின் பொறாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியமானது. அந்தப் பெரும்பங்கு உளவியலின் அடித்தளமே அண்மைக் காலத்தில் ஆட்டம் கண்டது. 100 உளவியல் ஆய்வுகளை மறுபடியும் செய்துபார்த்த கூட்டு முயற்சி ஒன்றின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க முடிவைத் தந்திருந்தன. மறுஆய்வுகளில் அது 36 விழுக்காடாகச் சரிந்தது. மனவுறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்து பாடநூல்களில் வேரூன்றியிருந்தது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது கிடைத்த விளைவு பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. எந்த முடிவை நம்பலாம் என்று பிரித்தறியும் திறன் இல்லாமல் ஐந்து தாள்களில் முடிவுகளை மட்டும் மனப்பாடம் செய்வதில் என்ன பயன்? மாதிரியளவு, விளைவின் அளவு, படிநிலை மாதிரிகள் ஆகியவற்றை முறையாகப் படித்தவர், பிறகு எந்த அறிதிறன் ஆய்வுக் கட்டுரையையும் தாமே படித்துப் புரிந்துகொள்ளலாம். எதிர்த்திசையில் அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை.

மூத்த மாணவர் வேலையைப் பற்றிச் சொன்னதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். ஜெஃப்ரி ஹின்டன் முதல் பட்டம் பெற்றது சோதனை உளவியலில், டெமிஸ் ஹசாபிஸ் முனைவர் பட்டம் பெற்றது அறிதிறன் நரம்பியலில், இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது என்று யாராவது வந்து சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டும் உண்மை. ஆனால் ஆறு தாள்கள் கொண்ட துணைப்பாடத்துக்கும் அவர்கள் பல ஆண்டுகள் ஆய்வில் செலவிட்டதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

சொல்லாய்வாளர் எழுதியது:

மொழியியலை முதன்மைப் பாடமாகவும் அறிதிறன் அறிவியலைத் துணைப்பாடமாகவும் படித்தவன் நான். எண்வழி அவர்கள் சொன்னதில் ஒன்றை முழுமையாக ஏற்கிறேன்: புள்ளியியல் தெரியாமல் இத்துறையில் கால்வைக்கக் கூடாது. ஆனால் உளவியலின் தடுமாற்றத்தைக் கொண்டு முழுத் துறையையும் அளப்பது சரியாகப் படவில்லை. மறுஆய்வுகளில் சரிந்தவற்றில் சமூக உளவியல் ஆய்வுகளே மிகுதி. அதே 2015 முயற்சியில் அறிதிறன் உளவியல் ஆய்வுகளில் ஏறத்தாழ பாதி தாக்குப்பிடித்தன. ஸ்டுரூப் 1935இல் காட்டிய விளைவை, அதாவது 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் எழுதப்பட்டிருந்தால் மையின் நிறத்தைச் சொல்லத் தாமதமாவதை, இன்று எந்த வகுப்பறையிலும் சில நிமிடங்களில் நீங்களே காட்டிவிடலாம்.

உயிரியலைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். நரம்பணுக்களின் வேதியியலைப் பற்றிய தாள் என்றால் உயிரியல் பின்னணி தேவைப்படும். அறிதிறன் நரம்பியல் என்ற பெயரில் நடத்தப்படும் தாளுக்குப் பெரும்பாலும் தருக்கமே போதும். 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் மூளையின் இருபுறமும் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை இழந்த ஹென்றி மொலைசன், அதன் பிறகு புதிய நிகழ்ச்சிகளை நினைவில் பதித்துக்கொள்ள முடியாதவரானார். கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் விளிம்பை வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, முந்தைய நாள் அதைச் செய்த நினைவே இல்லாத நிலையிலும் அவருடைய கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே போனது. நினைவு என்பது ஒன்றல்ல, பல என்ற முடிவுக்கு இதிலிருந்து எப்படி வந்தார்கள், அந்த முடிவு எந்த இடத்தில் பலவீனமானது என்பதைத்தான் வகுப்பில் வாதிடுவார்கள். அதற்குப் பள்ளி உயிரியல் தேவையில்லை.

மெய்யியல் தாளைக் கணினி மாணவர்கள் எளிதென்று எண்ணி எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சீனம் அறியாத ஒருவர் அறைக்குள் இருந்து விதிநூலைப் பார்த்தே சீன எழுத்தில் சரியான பதில் தந்தாலும் அவருக்குச் சீனம் புரிந்ததாகாது, கணினியும் அப்படித்தான் என்று மெய்யியலாளர் ஜான் சேர்ல் 1980இல் முன்வைத்த சீன அறை வாதத்தைக் கேட்டதும் இரண்டே வரியில் மறுத்துவிடலாம் என்று தோன்றும். அந்த மறுப்பை சேர்ல் அதே கட்டுரையிலேயே எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பது, கட்டுரையை முழுதாகப் படித்த பிறகே தெரியும். வாரந்தோறும் இருபது பக்கங்களைப் படித்து, ஆசிரியரின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எழுதிக் காட்டப் பொறுமை இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

மானிடவியலை யாரும் பொருட்படுத்துவதில்லை; உங்கள் கேள்விக்கு அது அவ்வளவு தொலைவானதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழி பேசுவோர், இடம் வலம் என்று சொல்வதற்குப் பதிலாகத் திசைகளைக் கொண்டே பொருள்களின் இருப்பைச் சொல்கிறார்கள். இத்தகைய மொழி பேசுவோரிடம் மேசையில் வரிசையாக வைத்த பொம்மை விலங்குகளைக் காட்டி, எதிர்ப்புறமாகத் திருப்பி நிற்கவைத்து, அதே வரிசையை வேறு மேசையில் அமைக்கச் சொன்னால், வடக்கு நோக்கிய விலங்கு வடக்கு நோக்கியே இருக்கும்படி அமைப்பவர்கள் மிகுதி. இடவலம் பேசும் மொழியினர் பெரும்பாலும் தம் உடலைக் கொண்டு அமைக்கிறார்கள். இதற்குக் காரணம் மொழியா, சோதனை நடந்த சூழலா என்பதில் 2002இல் கடுமையான மறுப்பும் வந்தது. எழுத்துத் தரவை மட்டும் கொண்டு மொழியைக் கற்கும் மாதிரிகளை ஆராய விரும்பும் ஒருவர் இந்தப் பூசலை அறிந்திருப்பது நல்லது.

இரண்டாமாண்டு மாணவன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. பட்டியலை மறுபடியும் எடுத்துப் பார்த்ததில், மொழி கற்றல் தாளும், ஆய்வகத்தோடு கூடிய ஆய்வு முறைத் தாளும், அறிதிறன் நரம்பியலும் இருக்கின்றன. நரம்புவலை மாதிரிகள் தாள் ஒன்றுவிட்டு ஒரு வருடம்தான் நடக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். செயற்கை நுண்ணறிவு அறிமுகத் தாள் துணைப்பாடப் பட்டியலிலும் இருக்கிறது, என் முதன்மைப் பாடத்துக்கும் கட்டாயம். அதையே இரண்டுக்கும் கணக்கில் காட்டிவிட்டால் ஒரு தாள் மிச்சமாகும், அப்படிச் செய்யலாமா? புள்ளியியலை அடியோடு விட்டுவிடவும் மனமில்லை. அதற்கு எங்கே இடம் தேடுவது?

ஆய்வகவாசி எழுதியது:

ஒரே தாளை இரண்டு பக்கமும் கணக்கில் காட்டுவதைச் சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன, சில அறவே மறுக்கின்றன, வேறு சில ஒரு தாள் வரை பொறுத்துக்கொள்கின்றன. எழுத்துவடிவிலான விதியைப் பாடத்திட்டக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்களிடையே உலவும் செவிவழிச் செய்தியை நம்ப வேண்டாம். அனுமதி இருந்தால் தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் மிச்சமான இடத்தைப் புள்ளியியலுக்குக் கொடுங்கள். எண்வழி அவர்களின் இரண்டாவது காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. அனுமதி இல்லையென்றால், எப்படியும் கட்டாயமாகப் படிக்கப்போகும் செயற்கை நுண்ணறிவைத் துணைப்பாடத்தின் ஐந்து இடங்களில் ஒன்றில் அமர்த்தாதீர்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, அறிமுகத் தாளையும் புள்ளியியலையும் அடுத்த பருவத்திலேயே முடித்துவிடுங்கள். ஆய்வு முறைத் தாளுக்குப் பெரும்பாலும் புள்ளியியல் முன்தேவையாக இருக்கும், ஆய்வக இடங்களும் குறைவு. உளவியலை முதன்மையாகப் படிப்பவர்களுக்கு முதலில் ஒதுக்கிய பிறகே மற்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அதனால் பதிவு தொடங்குவதற்கு முன்பே அந்தத் தாளின் ஆசிரியருக்கு மடல் எழுதி, நிரல் எழுதத் தெரியும் என்பதைக் குறிப்பிடுங்கள். சோதனை நிரல்களைச் சீர்செய்ய ஆள் கிடைக்காமல் தவிக்கும் ஆய்வகங்கள் அதிகம். நரம்புவலை மாதிரிகள் தாள் எந்த வருடம் நடக்கிறது என்பதை இப்போதே துறை அலுவலகத்தில் கேட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள். கடைசி ஆண்டில் அது இல்லையென்று தெரிய வந்தால் வேறு வழி இருக்காது.

எண்வழி எழுதியது:

புள்ளியியலுக்கு ஒரு தாளே ஒதுக்க முடியுமென்றால், கருதுகோள் சோதனையோடு நின்றுவிடும் அறிமுகத் தாளை எடுக்காமல், ஒரு மாறி மற்றவற்றைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கணிக்கும் பின்னடைவு (ரிக்ரெஷன்) மாதிரிகளிலிருந்து தொடங்கும் தாளை எடுங்கள். கணினி அறிவியலில் நிகழ்தகவு படித்திருப்பீர்கள் என்பதால் சமாளித்துவிடலாம். ஒரே பங்கேற்பாளர் பல சொற்களுக்கு விடையளிக்கும் சோதனைத் தரவில் ஒவ்வொரு விடையையும் தனித்தனி ஆள் தந்ததுபோல் எண்ணிக் கணக்கிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஒரே ஆளின் விடைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைக் கணக்கில் கொள்ளும் கலப்பு விளைவு மாதிரிகளைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் தாளாக இருந்தால் உங்கள் ஆய்வக வேலைக்கு நேரடியாகக் கைகொடுக்கும்.